ஓசைக்கு இடறிய பெயர்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்கு வெயில் வேண்டாம். போன வருஷம் வரைக்கும் வெயில் என்றால் எனக்கு உயிர். இப்போது வேண்டாம்.

மதுரையா இறங்குவது? நல்லது. நானும் மாட்டுத்தாவணி வரைக்கும்தான். அங்கிருந்து திருச்சி வண்டி பிடிக்க வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூத்துக்குடிப் பக்கம் பையன்களை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை. அம்மா கூப்பிடுகிற பெயர். ஒரு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்டிருக்கக்கூடிய பெயர்.

சிரியுங்கள், பரவாயில்லை. கண்டக்டரிடமும் கேட்டேன். "அம்பது வருசத்துக்கு முன்னாடி நான் பொறக்கவே இல்லையேம்மா" என்றார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன். "யாருக்கு, பேரனுக்கா?" என்றாள். எனக்குப் பிள்ளையே கிடையாது, பேரன் எங்கிருந்து வருவான் என்றேன். "பெறவு எதுக்குப் பேரு?" என்று ஒரு மாதிரி பார்த்தாள்.

சொல்லுங்கள். சின்னதுரை. ம்... இல்லை. சூசை. இல்லை, அது இரண்டு தட்டில் முடிந்துவிடும். இதோ பாருங்கள், முழங்காலில் இப்படித் தட்டிப் பார்த்தால் தெரியும். லாசர். இல்லை. தங்கராசு. இல்லை அம்மா. அந்தப் பெயர் கொஞ்சம் நீளம். போகிற போக்கில் நடுவில் ஒரு இடத்தில் இடறும், கல் தடுக்கினது மாதிரி. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அது இடறும் என்பது மட்டும். எது என்பது இல்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். சொன்னால் உங்களுக்கு ஏதாவது தோன்றலாம்.

என் பெயர் தையல்நாயகி. கும்பகோணத்தில் தமிழ் இலக்கியம் படித்தேன். வேலை பார்த்தது என்னவோ மின்சார அலுவலகத்தில். இருபத்தெட்டு வயதில் ஒரு கவிதைப் புத்தகம் போட்டேன். முந்நூறு பிரதி. இருநூற்று அறுபது இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கப்புறம் எழுதினேன், நிறுத்தினேன், எழுதினேன், நிறுத்தினேன். கடைசியாகப் பதினோரு வருஷம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் காது போகவில்லை பாருங்கள். யாராவது பேசினால் என்ன பேசுகிறார்கள் என்பதற்கு முன்னால் எப்படி ஒலிக்கிறது என்பதுதான் எனக்குக் கேட்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. எங்கள் அப்பா இறந்த செய்தியைத் தந்திக்காரர் வாசித்தபோது, என்ன நல்ல கட்டுக்கோப்பான வாக்கியம் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அழுதேன்.

போன ஆடியில் என் தங்கை மகள் ஒரு விளம்பரம் அனுப்பினாள். எழுதுகிறவர்களுக்கு ஏழு நாள் பயிற்சி. எங்கும் போக வேண்டாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எழுத்தின் நுட்பம் ஒரு பாதி. எரிந்து கரிந்து போகாமல் நெடுங்காலம் எழுதிக்கொண்டே இருப்பது எப்படி என்பது மறு பாதி. பதினோரு வருஷம் காய்ந்து கிடந்தவளுக்கு அந்த மறு பாதிதான் ஆசை காட்டியது. சேர்ந்துவிட்டேன்.

நடத்தியவர் கிரிதரன். பெங்களூரில் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒரு மடக்கு குடிப்பார். இனிமையான குரல். காலையில் எல்லாரும் கண்ணை மூடி மூச்சு விட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் எழுத வேண்டும். முப்பது பேர், முப்பது சின்னச் சின்னக் கட்டங்களில், எல்லாரும் குனிந்திருப்போம். உச்சந்தலையாகத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. தனி வீட்டில் இருபத்து நான்கு வருஷமாக இருக்கிறேன். முப்பது உச்சந்தலைகள் துணைக்கு இருப்பது பெரிய விஷயம்.

சாயங்காலம் இரண்டிரண்டு பேராகப் பிரித்து விடுவார். ஏழு நாளும் அதே ஜோடி. எனக்கு வாய்த்தவள்தான் பிலோமினாள். தூத்துக்குடி. எழுபத்தொரு வயது, என்னைவிட இரண்டு குறைவு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதல் நாள் அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. "ஏக்கா, நான் தெரியுதேனா? எனக்கு உங்க மூக்குதான் தெரியுது" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிலோமின்னு கூப்பிடுங்க என்றாள்.

அவளுக்கு அந்தப் பயிற்சி என்னவென்று சரியாகப் புரியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மாதா கோயிலில் வருஷா வருஷம் தியானம் வைப்பார்களாமே, மூன்று நாள், நான்கு நாள், சாமியார் வந்து பேசுவார், செய்த பாவத்தை அவரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம் உண்டு. அந்த மாதிரி ஒன்று என்று நினைத்திருக்கிறாள். மகள் ஜெசிந்தாதான் சேர்த்துவிட்டவள். பிலோமி முதல் நாளே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தியானத்துல சொன்னதக் கேக்கணும்க்கா. எதுத்துப் பேசப்படாது" என்றாள். நான் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பயிற்சியைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். கிரிதரன் அதற்குக் களையெடுப்பு என்று பெயர் வைத்திருந்தார். முதல் நாள் ஒரு முழுப் பக்கம் கையால் எழுத வேண்டும். உங்களுக்கு மிக நெருக்கமான ஒன்று. அதைச் சாயங்காலம் துணைவரிடம் வாசிக்க வேண்டும். மறுநாள் அதே பக்கத்தில் தேவையில்லாததை அடித்துவிட்டு வாசிக்க வேண்டும். மறுநாள் இன்னும். ஏழாம் நாள் எது மிஞ்சுகிறதோ அதுதான் எழுத்து. அடிக்கும்போது லேசாக அடிக்கக் கூடாது, கறுப்பு மையால் அழுத்தி அடிக்க வேண்டும், திரும்பிப் பார்க்க முடியாதபடி. திரும்பிப் பார்க்கிறவன்தான் களைத்துப்போகிறான் என்பார், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்.

கேட்கிறவருக்கு இரண்டு விதி. எது உங்கள் மனதில் தங்கியதோ அதைச் சொல்லுங்கள், எது ஓசைக்கு இடைஞ்சலோ அதைச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இது உண்மையில் நடந்ததா என்று மட்டும் கேட்கவே கூடாது. எழுத்தைப் பாருங்கள், எழுதியவரைத் துருவாதீர்கள். நல்ல விதிதான். இப்போதும் நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

பிலோமி முதல் நாள் வாசித்த பக்கம்... அடடா. வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் அது நல்ல எழுத்து இல்லை. மளமளவென்று எல்லாம் இருந்தது. உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிற புருஷன், ஓட்டு வீடு, கதவில்லாத வெளிவாசல், நாலு மணிக்கு அடுத்த தெருவில் பள்ளிக்கூட மணி, தட்டில் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்த சோறு. ஆறு வயதுப் பையன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் உப்புக் குவியலில் ஏறிச் சறுக்கி விளையாடப் போய்விடுவான். அவள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "சோறு ஆறுது, வாலே" என்று. மூன்று தடவை கூப்பிட்டால் வருவான். முழங்கால் வரைக்கும் உப்புமாய், தலையெல்லாம் வெயிலுமாய் உள்ளே ஓடி வருவான். கால் கழுவுலே என்பாள். கழுவ மாட்டான். இவ்வளவுதான் பக்கம். அந்தப் பெயர் மட்டும் ஏழெட்டு இடத்தில் வந்தது.

நான் டைரியில் குறித்துக்கொண்டேன். இதோ பையில் இருக்கிறது, பாருங்கள். முதல் நாள்: "முழங்கால் உப்பு, நல்ல படிமம். சோறு ஆறுவது, நன்று. பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஓசை இடறுகிறது. பெயர் வேண்டாம்."

பார்த்தீர்களா? பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பெயர் என்று எழுதவில்லை.

இருங்கள், கண்டக்டர் வருகிறார். என் டிக்கெட்டா? முன்னாலேயே வாங்கிவிட்டேனே. இதோ. மணி என்னப்பா? மூன்றரையா? எட்டயபுரம் தாண்டிவிட்டோமா? சரி.

எங்கே விட்டேன்? பெயர். அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "பிலோமி, பெயர் போட்டால் அவன் ஒரே ஒரு பையன் ஆகிவிடுகிறான். பெயரை எடுத்துவிட்டால் எல்லார் வீட்டுப் பையனும் ஆகிவிடுவான்" என்றேன். எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவள் தன் தாளைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எடுத்துட்டா அவனுக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, அழகுதான் கூடும் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் தலையாட்டுவது மாதிரி தலையை ஆட்டினாள். மறுநாள் வாசித்தபோது பெயர் இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்திலிருந்து புருஷன் போனான். வீடு போயிற்று. நான்காம் நாள் நான் பேச்சுவாக்கில், "பெயரை எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார்த்தாயா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "எந்தப் பேருக்கா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "அப்படித்தான் இருக்க வேண்டும் பிலோமி! எடுத்ததை மறந்துவிட வேண்டும், கிரிதரன் சொன்னாரே" என்றேன். அவளும் சிரித்தாள். நான் சிரித்ததால் சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். நெட் போகவில்லை. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் அன்றைக்கு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், நீங்களே சொல்லுங்கள்? தினமும் குறைப்பதுதான் பாடம். அவள் தினமும் குறைத்தாள். ஒருத்தி சொற்களை அடிக்கிறாளா, சொற்கள் அவளை விட்டுப் போகின்றனவா என்று அந்தக் கட்டத்துக்குள் எப்படித் தெரியும்? என் பக்கத்தையும்தான் குறைத்தேன். எங்கள் தெரு வேப்பமரத்தை வெட்டியதைப் பற்றி எழுதினேன். அது ஏழு நாளும் எப்படி எப்படி மாறியது என்று இப்போதும் வரிக்கு வரி ஒப்பிப்பேன். சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

ஐந்தாம் நாள் தட்டும் சோறும் போயின. ஆறாம் நாள் அவளிடம் இருந்தது ஒரே வாக்கியம். "வாசல்ல நின்னு கூப்பிட்டேன், அவன் வெயிலோட உள்ள வந்தான்." அது ஓசையில் நொண்டியது. நான் நெடுநேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "பிலோமி, அவன் எதற்கு? அவன் வருவதைச் சொல்லாதே. வெயில் மட்டும் வரட்டும்" என்றேன். என்னக்கா சொல்லுறீய என்றாள். நான் சொல்லிக் காட்டினேன்.

"வாசலில் நின்று கூப்பிட்டேன், வெயில் மட்டும் உள்ளே வந்தது."

எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் கை கூட நின்றுவிட்டது பாருங்கள், பூக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த 'மட்டும்' என் சொல். அவளுடையது இல்லை. அவள் அவன் வந்ததைத்தான் எழுதினாள். ஆறு நாளும் அவன் வந்துகொண்டுதான் இருந்தான், முழங்கால் உப்போடு. நான்தான் வர வேண்டாம் என்றேன்.

ஏழாம் நாள் முப்பது பேருக்கு முன்னால் வாசித்தாள். கிரிதரன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். திரை முழுக்க இதயம் இதயமாகப் பறந்தது. எல்லார் எழுத்தையும் சேர்த்துப் போடுகிற தொகுப்புப் புத்தகத்தில் முதல் பக்கத்துக்கு அதைத்தான் எடுத்தார்கள். வெள்ளைத் தாளில் அந்த ஒரே வரி. நான் அழுதேன். அதில் பாதி என்னுடையது என்று அழுதேன். பதினோரு வருஷத்துக்கப்புறம் ஒரு வரி. அது அடுத்தவள் பெயரில் இருந்தால் என்ன?

அவள் அழவில்லை. "தியானம் முடிஞ்சிட்டாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கேளுங்கள். மூன்று மாசம் கழித்துப் புத்தகம் வந்தது. வாழ்த்துச் சொல்லலாம் என்று போன் பண்ணினேன். மகள் எடுத்தாள். ஜெசிந்தா. ஸ்கூல் டீச்சர். "நீங்கதான் நாயகி ஆண்டியா? உங்க நம்பரைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் சொன்னாள். பயிற்சிக்கு எட்டு மாசம் முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம், மறதி நோய் என்று. நினைவிருக்கிறபோதே எழுதி வையுங்கள் என்று அவர்தான் சொன்னாராம். பிலோமி வேறு எதையும் எழுத ஒப்புக்கொள்ளவில்லை. "அவன ஒருத்தன மட்டும் எழுதி வச்சிடுறேன்" என்றாளாம்.

ஆமாம் அம்மா. இருந்த பையன்தான். ஆறு வயதில் மூன்று நாள் காய்ச்சல். ஜெசிந்தா பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்னால். கல்லறையில் சிலுவையில் பெயர் இருக்கிறது, ஜோசப் சேவியர் என்று. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. அப்பா இருந்தவரைக்கும் அவனைப் பற்றி வீட்டில் பேச்சே கூடாதாம், அவரால் தாங்க முடியாதாம். அதனால் ஜெசிந்தாவுக்கு வீட்டுப் பெயர் தெரியாது. அவர் போய்ப் பதினைந்து வருஷம். சித்தி ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள். அந்தப் பெயர் தெரிந்தவள் பிலோமி ஒருத்திதான். பிலோமியைத் தவிர கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதனால்தான் வந்தேன். இரண்டு நாள் இருந்தேன். பிலோமிக்கு என்னைத் தெரியவில்லை. "டீச்சரம்மாவுக்குக் காப்பி போடுட்டி" என்றாள் மகளிடம். நான் மெல்ல, "வாசலில் நின்று கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன். உடனே, "வெயில் மட்டும் உள்ளே வந்தது" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த 'மட்டும்' உள்பட. மருந்துப் பெயர் தெரியாது, மகள் பெயர் சில நாள் தெரியாது. இது தெரியும். நான் போட்டுக் கொடுத்தது அப்படியே இருக்கிறது.

அந்த நோட்டைக் காட்டினாள் ஜெசிந்தா. சொன்னபடி கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறாள். நல்ல மாணவி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கிரிதரனுக்குப் போன் பண்ணினேன். இரண்டிரண்டு பேராகப் பேசுவதைப் பதிவு செய்வதில்லை என்றார். அவர் குரலும் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூச்சு விடுங்கள் நாயகி அம்மா என்றார்.

அந்தப் பெயர் இப்போது எதற்கு என்றா கேட்கிறீர்கள்? சொல்லவில்லையா? நேற்று என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் அங்கே பள்ளிக்கூட மணி நான்குக்குத்தான் அடிக்கிறது. அது அடித்ததும் பிலோமி எழுந்துவிடுகிறாள். என்ன வேலையாக இருந்தாலும் சரி. ஒரு தட்டில் சோறு போட்டுப் பிசைகிறாள். அதை மூடி வைத்துவிட்டு வெளிவாசலுக்குப் போகிறாள். இப்போது இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட வாயைத் திறக்கிறாள்.

அவ்வளவுதான். பெயர் வரவில்லை. திறந்த வாய் அப்படியே இருக்கிறது. இருட்டும் வரைக்கும் சில நாள் அப்படியே நிற்பாளாம். ஜெசிந்தா போய், "ஜோசப்னு கூப்பிடும்மா" என்றால், "அது யாருட்டி?" என்கிறாள். நேற்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரென்று தெரிந்து பார்க்கவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்தாள். என்னிடம் இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி.

நான் இந்த டைரியை எத்தனை தடவை புரட்டியிருப்பேன். உப்பு இருக்கிறது. வெயில் இருக்கிறது. சோறு ஆறுகிறது. எனக்குப் பிடித்ததெல்லாம் இருக்கிறது.

இன்று மதியம் கிளம்பும்போது ஜெசிந்தா சொன்னாள். "ஏதாவது ஒரு பேரு சொல்லிட்டுப் போங்க ஆண்டி. அம்மாவுக்கு என்ன தெரியவா போகுது? நீங்க சொன்னா நம்புவாங்க. கூப்பிட ஒரு பேரு இருந்தாப் போதும்." நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் வேறொரு சொல்லைக் கொண்டு வந்து வைக்க முடியாதம்மா, அது எழுத்துக்குச் செய்கிற துரோகம் என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது. ஜெசிந்தா என்னையே பார்த்தாள். "எடுக்கச் சொன்னப்ப இது தெரியலையா ஆண்டி?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பையை வாங்கி ஆட்டோவில் வைத்தாள். போய் இறங்கினதும் போன் பண்ணுங்க என்றாள்.

அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம், இல்லையா? நான் விதிப்படிதானே செய்தேன்? வேண்டுமென்று செய்யவில்லையே?

ஏதாவது சொல்லுங்கள் அம்மா.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள், லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. வாய் திறந்தபடி நிற்கிறவளுக்குப் பேரா முக்கியம் என்றா? கூப்பிட்டால் வாய் மூடுமே என்கிறீர்கள். ம். எனக்கு அது தோன்றவில்லை. பதினேழு வயதிலிருந்து சரியான சொல், சரியான சொல் என்றே இருந்துவிட்டேன். வாய் மூடும் என்பது தோன்றவே இல்லை.

உங்கள் பையன் பெயரா? மாரிச்செல்வம். வீட்டில்? மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று நீங்களாக வைத்ததா? என்ன அது?

ஐயாக்குட்டி.

ஐயா... குட்டி. ஐயாக்குட்டி. இடறுகிறது அம்மா. பாருங்கள், நடுவில் இடறுகிறது. இதுவாக இருக்குமோ? இல்லை, எனக்குத் தெரியவில்லை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வாசலில் நின்று, ஐயாக்குட்டி, சோறு ஆறுது, வாலே... கடவுளே. பெயர் இருக்கும்போது இந்த வாக்கியம் எப்படி நிற்கிறது பாருங்கள். ஊன்றி நிற்கிறதே. இதையா எடுக்கச் சொன்னேன்?

எங்கே இருக்கிறான் உங்கள் ஐயாக்குட்டி? கப்பலிலா? கப்பல் கரை சேர்ந்தால்தான் பேசுவானா? எத்தனை நாள் ஆயிற்று பேசி? பத்தொன்பது நாளா. வந்துவிடும் அம்மா, போன் வந்துவிடும். கடலில் சிக்னல் இருக்காது என்பார்கள்.

மணி என்ன? நான்கு அடிக்கப் போகிறதா? அம்மா, ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை பெயரை அவளுக்குக் கொடுக்கலாமா? மனசார? இல்லை, இந்த மாதிரி விஷயத்தில் மனதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தாலும் கூடாது. கல்லறைக்குப் போன பிள்ளைக்கு உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரை... யோசித்துச் சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

சரி. சரி அம்மா. பொறுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். இதோ ஜெசிந்தா பெயர், நீங்களே அந்தப் பச்சையை அழுத்துங்கள். ரிங் போகிறது.

ஜெசிந்தா? நாயகி ஆண்டிதான். இல்லையம்மா, இன்னும் பஸ்ஸில்தான். பந்தல்குடி தாண்டிவிட்டோம். கேள், கிடைத்துவிட்டது. ஆமாம், டைரியில்தான். கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நிச்சயமாகத்தான். ஐயாக்குட்டி. ஆமாம், ஐயாக்குட்டி. அம்மா கேட் பக்கம் போய்விட்டாளா? போ, போ. போனை அவள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போ, நானும் கேட்கிறேன்.

நீங்களும் காதைக் கிட்டே கொண்டு வாருங்கள் அம்மா. உங்கள் பிள்ளை பெயர் அல்லவா. பள்ளிக்கூட மணி கேட்கிறதா? அதுதான். பிள்ளைகள் சத்தம். ஜெசிந்தா காதில் சொல்கிறாள்.

"ஐயாக்குட்டீ!"

கேட்டீர்களா? கூப்பிடுகிறாள். என்ன தொண்டை! எழுபத்தொரு வயதில் என்ன தொண்டை பாருங்கள்.

"ஐயாக்குட்டீ... சோறு ஆறுது, வாலே!"

இன்னொரு தடவை. ஆமாம் பிலோமி, இன்னொரு தடவை கூப்பிடு. மூன்றாவது தடவைதான் வருவான்.

ஏன் நிறுத்திவிட்டாள்? ஜெசிந்தா, என்ன ஆயிற்று? இருங்கள், அவள் ஏதோ சொல்கிறாள். என்னிடம் இல்லை. மகளிடம்.

"ஏட்டி, இது நம்ம பிள்ள பேரு இல்லட்டி."

தெரிந்துவிட்டது அம்மா. அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. ஐயோ பிலோமி.

உஷ், இன்னும் பேசுகிறாள்.

"யாரு வீட்டுப் பிள்ளையோ, நாம கூப்பிட்டுட்டோமே. பாவம், எங்க நிக்கானோ. அவன் சாப்பிட்டானான்னு கேளுட்டி."

இப்போது ஜெசிந்தா என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்? எனக்கு என்ன தெரியும்? உங்களைத்தான் கேட்கிறாள் அம்மா. அழாதீர்கள். இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். அவள் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சாப்பிட்டானா? சொல்லுங்கள்.